மீனை யாராவது எழுதுவாளா?

ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தின்னலாம்? மூன்று தடவை. வளர்ந்த பையன், ராத்திரி வேலை என்றால் போகட்டும், நாலு. ஜெயபாயின் மகன் பிரஜின் ஒன்பது தடவை தின்றான். அதையும் வீட்டில் தின்றானா என்றால் இல்லை. கேரளத்தில் கழக்கூட்டம் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் எங்கெல்லாம் அடுப்பு எரிந்ததோ அங்கெல்லாம் நின்று தின்றான்.

இதை ஜெயபாய் கண்டுபிடித்தது 2002 மே மாதக் கடைசியில். மகனைப் பார்க்கச் சொந்த ஊரான அருமனையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள், வந்த காலோடு அவனுடைய பேண்டுகளைத் துவைக்க எடுத்தாள். பைகளைத் தடவினால் ஒவ்வொன்றிலும் கடைச் சீட்டு. அவற்றைத் தரையில் பரத்தி வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். பேக்கரியில் பப்ஸ் இரண்டு. சாயா, பழம்பொரி. புரோட்டா நாலு, பீஃப் ஃப்ரை ஒன்று. மறுபடி சாயா. ஷார்ஜா ஷேக். இந்த ஷார்ஜா ஷேக் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. பதினைந்து ரூபாய் என்பது மட்டும் விளங்கியது.

"லேய் மக்களே, இது என்ன சாதனம்?"

"பழத்தையும் பாலையும் போட்டு அடிக்கிறதும்மா."

"பழம் நம்ம வீட்டு முற்றத்துல குலையோட நின்னு அழுகுது. நீ இங்க அதை அடிக்கதுக்குப் பதினஞ்சு ரூவா குடுக்க!"

பிரஜினுக்கு இருபத்து நாலு வயது. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் பதினோராயிரம். அருமனையில் அவர்கள் தெருவில் யாரும் கேட்டிராத தொகை. அதில் அறை வாடகை, பைக் தவணை, பெட்ரோல் எல்லாம் போக ஏழாயிரம் நிற்க வேண்டும். நின்றது ஏழாயிரமா? மாதக் கடைசியில் அவன் சட்டைப் பையில் நின்றது நாற்பது ரூபாய்.

"மீதி எங்கடே?"

"செலவாயிட்டும்மா."

"என்ன செலவு? குடிக்கியா?"

"ஐயோ, இல்லம்மா. சாப்பாடுதான். பின்னே பட்டினி கிடந்து வேலை செய்யவா?"

குடித்தேன் என்று சொல்லியிருந்தாலாவது அழுது, ஜெபம் பண்ணி, பாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு வழி பார்த்திருக்கலாம். தின்று தீர்த்தேன் என்கிறவனை என்ன செய்வது? ஜெயபாய் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அவளுடைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மகள் ஷிஜா பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இடம் வாங்கியிருந்தாள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் இருபதாயிரம் கட்ட வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அப்பா தாசையனுக்கு எண்பது ரப்பர் மரம். மழை தொடங்கிவிட்டால் பால் வெட்ட முடியாது. ஆனால் வெயில் காலத்து ரப்பர் ஷீட்டை விற்று வைத்ததில் பத்தாயிரம் இருந்தது. "என் பாதி ரெடி. மத்த பாதி உன் மகன்" என்று சொல்லிவிட்டுத் தாசையன் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மத்த பாதியோ கழக்கூட்டத்தில் புரோட்டாவாக மாறிக்கொண்டிருந்தது.

"நான் இங்கதான் நிக்கப்போறேன்" என்றாள் ஜெயபாய். "ஜூலை முடியது வரை. நான் பொங்கிப் போடுதேன், நீ திங்க. வெளிய பச்சத்தண்ணி குடிக்கப்பிடாது, கேட்டியா?"

ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவில் நாலடி இடம். அந்த நாலடியில் அவள் பாய் விரித்துக்கொண்டாள். ஊரிலிருந்து புழுங்கலரிசி, தேங்காயெண்ணெய், மரச்சீனிக்கிழங்கு எல்லாம் சாக்கில் வந்தன. தெருமுனைக் கடையில் நாலு ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினாள். அதன் முதல் பக்கத்தில் முதல் செலவாக அந்த நாலு ரூபாயையே எழுதினாள். அப்படி ஒரு ஆள்.

ஜூன் ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் ஐயாயிரத்தை எண்ணி வாங்கி, ஒரு கவரில் போட்டு, வேதப்புத்தகத்தில் லூக்காவுக்குள் வைத்தாள். பிறகு வீட்டுச் செலவுக்கென்று இரண்டாயிரம். ஜூலையிலும் இதே மாதிரி ஐயாயிரம் வைத்துவிட்டால் பத்தாயிரம். ஷிஜா நர்ஸ். கணக்கு இவ்வளவுதான். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

சிக்கல் பிரஜினின் வாயில்தான் இருந்தது, அல்லது ஜெயபாய் அப்படி நினைத்தாள். ராத்திரி எட்டு மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வருகிறவனை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துச் சட்டையை மோந்து பார்ப்பாள்.

"வாயை ஊது."

"அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்காங்க."

"பாக்கட்டும். பீஃப் ஃப்ரை மணம் வருது."

"அது பக்கத்துல இருந்தவன் தின்னதும்மா!"

"பக்கத்துல இருந்தவன் தின்னா உன் சட்டையிலயா ஏப்பம் விடுவான்?"

அவன் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டாள். ஒப்புக்கொண்டதும் நோட்டை எடுப்பாள். 'ஜூன் 11, பிரஜின், சாயா 3, பழம்பொரி 3.' 'ஜூன் 14, பிரஜின், பப்ஸ் 6. கேட்டதற்குப் பசி என்றான்.' பிள்ளை பசிக்குத் தின்றதைப் போலீஸ்காரன் மாதிரி எழுதி வைக்கிறோமே என்று ஒரு நாள்கூட அவளுக்கு உறுத்தியதில்லை. ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் தண்ணீர் நிற்குமா?

அவனும் ஒரு கட்டத்தில் அடங்கினான். ஜூன் பாதிக்குமேல் உண்மையாகவே வெளியே தின்பதை நிறுத்திவிட்டான். அம்மாவின் வாய்க்குப் பயந்தா, தங்கையை நினைத்தா, அது அவனுக்கே தெரியாது. தெருமுனைத் தட்டுக்கடைக்காரர் "எந்தா மோனே, காணானில்லல்லோ" என்று விசாரித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை ஓட்டிப் போனான்.

அவனை அடக்கியதில் ஜெயபாயின் நாக்குக்கு எவ்வளவு பங்கோ, அவளுடைய மீன்கறிக்கும் அவ்வளவு பங்கு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வறுத்த தேங்காயை வெண்ணெயாக அரைத்து, குடம்புளி போட்டு, மண்சட்டியில் அவள் வைக்கிற கறி அடுப்பில் கொதிக்கும்போது மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். தினம் காலை ஒன்பது மணிக்குத் திரேஸ்யா என்கிற மீன்காரி தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு வருவாள். கடற்கரைப் பக்கத்துக்காரி, மலையாளம்தான் பேசுவாள். ஜெயபாய் குந்தி உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இது நேத்துள்ளது, இது முந்தாநாளுள்ளது" என்று ஒதுக்கிவிட்டு நல்லதாகப் பொறுக்குவாள். சாளை, அயிலை, ஒரு நாள் பாரை, ஞாயிற்றுக்கிழமைக்கென்று சனிக்கிழமையே வெளமீன். வாங்கியதும் உள்ளே போய்விடுவாள். திரேஸ்யா இடுப்பில் செருகிய சின்ன டயரியை எடுத்து எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஜூன் முடிவில் ஒரு தரம் திரேஸ்யா தலையைச் சொறிந்தாள். "சேச்சி, மாசம் கழிஞ்ஞல்லோ..."

"பொறவு சேர்த்துப் பாப்போம் பிள்ளே. நான் எங்க ஓடிப்போறேன்?" என்றாள் ஜெயபாய். திரேஸ்யாவும் சரி என்று போய்விட்டாள். வேதப்புத்தகம் வாசிக்கிற வீடு, ஏமாற்றமாட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

ஜூலையில் இன்னொரு கூத்து நடந்தது. பிரஜினுக்குக் கொடுத்தனுப்புகிற டிபன் பாத்திரம் நக்கித் துடைத்த மாதிரி காலியாக வரும், ஆனால் அவன் பசியோடு வருவான். விசாரித்தால், அவனுடன் வேலை பார்க்கிற மகேஷ்குமாரும் இன்னும் நாலு பேரும் மூடியைத் திறந்ததும் பாய்ந்துவிடுகிறார்களாம். இவனுக்கு மிஞ்சுவது வெறும் சோறாம். விட்டால் மறுபடி புரோட்டாவுக்குப் போய்விடுவானே என்று ஜெயபாய் பெரிய பாத்திரம் வாங்கினாள். அதை நோட்டில் எழுதினாள், நூற்றுப்பத்து ரூபாய். அன்றிலிருந்து ஆறு பேருக்கு மீன் வறுத்து அனுப்பினாள்.

"என்னத்துக்கும்மா அவனுகளுக்கெல்லாம்?"

"அதுகளும் தாயை விட்டுட்டு வந்து கிடக்க பிள்ளைகதானேடே. மீன் துண்டுக்குக் கணக்கா பாக்கது?"

ஜூலை இருபத்தொன்பது, திங்கட்கிழமை. கவரில் பத்தாயிரம் முழுசாக இருந்தது. ஜெயபாய் அதை மூன்று தரம் எண்ணிவிட்டாள். மறுநாள் காலை பஸ், புதன்கிழமை கல்லூரியில் பணம். இரண்டு மாதப் போர் முடிந்து வெற்றி கையில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரே பெருமிதம். ஒன்பது மணிக்குத் திரேஸ்யா பாத்திரத்தை இறக்கியதும் அந்தப் பெருமிதம் வாய்வழியாக வழிந்தது.

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேன் திரேஸ்யா. மகளுக்கு நர்சிங் காலேஜில பணம் கட்டணும். இன்னைக்கு நல்ல மீனா தா, மகனுக்கு வச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

திரேஸ்யா முகம் மலர்ந்தாள். "நல்ல காரியம் சேச்சி." அப்படியே டயரியை எடுத்தாள். "அப்போ நம்மளெ கணக்கு?"

"என்ன கணக்கு?"

"மீனின்டெ கணக்கு. ரெண்டாயிரத்தி எண்ணூற்றி நாப்பது."

ஜெயபாய் சிரித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தாள். திரேஸ்யா சிரிக்காததைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஜெயபாயை நீங்கள் முட்டாள் என்று நினைப்பீர்கள். அவள் முட்டாள் இல்லை. தாசையனைக் கட்டி வந்த இருபத்தேழு வருடத்தில் அவள் மீனுக்குக் காசு கொடுத்ததே இல்லை. அருமனைக்குக் குளச்சலிலிருந்து கூடையோடு ஒரு மீன்காரி வருவாள், அவளுக்கு முன்னால் அவள் மாமியார் வந்தாள். மீனைப் போட்டுவிட்டுப் போவாள். தேங்காய் வெட்டும்போது வந்து தேங்காய் எடுத்துக்கொள்வாள், கிழங்கு பிடுங்கும்போது கிழங்கு, பலா பழுக்கும்போது பலா. வருடத்துக்கு இரண்டு தரம், ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும், உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். காசு என்கிற ஒன்று நடுவில் வந்ததே கிடையாது. அரிசிக்குக் காசு வேண்டும், பருப்புக்குக் காசு வேண்டும். மீன் என்பது காற்று, தண்ணீர் மாதிரி வீட்டு வாசலுக்கு வருகிற ஒன்று. அதைச் செலவு என்று யார் சொன்னது?

"எத்தனை நாளைக்கு பிள்ளே இது?"

"நாப்பத்தஞ்சு திவசம் சேச்சி. எல்லாம் எழுதியிட்டுண்டு."

"அயிலை என்ன, தங்கத்துல செஞ்சதா? இந்த விலை போட்டிருக்கியே!"

"டிரோளிங் நிரோதனம் அல்லே சேச்சி? போட்டு போகுந்நில்லா. தூத்துக்குடியிந்நு லாரியில் வருந்ந ஐஸ் மீனா. பலிசைக்கு பைசா எடுத்தாணு ஞான் வாங்ஙுந்நது."

மழைக்காலத்தில் விசைப்படகுகளுக்குத் தடை, அதனால் மீன் விலை இரட்டிப்பு என்பது கேரளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெயபாய்க்கும் தெரியும். மழைக்காலத்தில் குளச்சல்காரி இரண்டு தேங்காய் கூடுதலாக எடுப்பாள், அவ்வளவுதான் அவளுக்கு அந்தத் தடையோடு இருந்த உறவு. திரேஸ்யா வட்டிக்கு வாங்கி மீன் எடுக்கிறவள் என்பது மட்டும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் ஊர்ல இருந்து தேங்காய் குடுத்து விடட்டுமா?" என்று கேட்டும் பார்த்தாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"தேங்ஙாயோ?" திரேஸ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. "எனிக்கு எந்தினா சேச்சி தேங்ஙா? வட்டிக்காரன் தேங்ஙா எடுக்குமோ? உங்களெ விஸ்வசிச்சல்லே ஞான் சோதிக்காதெ இருந்நது?"

உங்களை நம்பித்தானே கேட்காமல் இருந்தேன் என்றதும் ஜெயபாய் எழுந்து உள்ளே போனாள். கடன் தந்தவளை வாசலில் நிறுத்திவிட்டு வேதப்புத்தகத்தை எப்படித் திறப்பது? பணம் இருப்பதும் அதற்குள்தான். லூக்காவைத் திறந்தாள், கவரைப் பிரித்தாள், எண்ணினாள், கொடுத்தாள். மீதி ஏழாயிரத்து நூற்று அறுபது. நாளை மறுநாள் பத்தாயிரம் கட்ட வேண்டும். அன்று மீன் வாங்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து வந்த பிரஜின் தட்டைப் பார்த்தான். சோறு, பருப்பு, பப்படம்.

"கறி எங்கம்மா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. "கறியா? கறியா கேக்க? உனக்கும் உன் சேக்காளிகளுக்கும் கறி வச்சு வச்சுத்தான் உன் தங்கச்சி படிப்பு மண்ணாப் போச்சு! அஞ்சு தடிமாடுகளுக்கு மீன் வறுத்து அனுப்பினேனே, ஒருத்தனாவது ஒரு ரூவா குடுத்தானா?"

நடந்ததை அவன் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். சோற்றைத் தொடவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தான். பக்கம் பக்கமாகத் திருப்பினான். அவன் குடித்த சாயா எல்லாம் அதில் இருந்தது. அவன் மறந்துபோன பழம்பொரிகூட இருந்தது.

"இதுல மீன் எங்கம்மா?"

"மீனை யாராவது எழுதுவாளாடே!"

அவன் ஜூன் மாதப் பக்கத்தில் விரலை வைத்தான். "என் அஞ்சு ரூவா பப்ஸை எழுதுவ. தினம் அறுபது ரூவா மீனை எழுதமாட்ட."

"நீதானே தின்ன? வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் வாங்கச் சொன்னேனா? தட்டுல போட்ட, தின்னேன். நீ குடுத்த ரெண்டாயிரத்துல வாங்குதன்னு நெனச்சேன்."

"ரெண்டாயிரத்துல அரிசி வாங்கவா, கேஸ் வாங்கவா, பாலுக்குக் குடுக்கவா? அதுல மீனும் வருமாக்கும்! சம்பளம் வாங்குத பையனுக்கு இது தெரியாதா?"

"கணக்கு எழுதுறவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியணுமா?" அவன் குரலும் ஏறிவிட்டது. "நாப்பது நாளா நான் ஒரு சாயா குடிக்கலம்மா. கூட உள்ளவனெல்லாம் கடைக்குப் போகும்போது வேலை இருக்குன்னு பொய் சொல்லிட்டு சீட்டுல உக்காந்திருந்தேன். எதுக்கு? நீ மீன்காரிக்குக் குடுக்கதுக்கா?"

நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது கோபம் கூடுவதுதான் மனித சுபாவம். "ஆமாடே, நான்தான் ஒத்தைக்கு உக்காந்து மூவாயிரம் ரூவா மீனைத் தின்னேன்!" என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாருகிட்டயாவது கைமாத்து கிடைக்குமா?"

"மாசக் கடைசியில யாருகிட்ட இருக்கும்? சம்பளம் வியாழக்கிழமைதான். மகேஷ்குமாரு மட்டும் ஆயிரம் தருவான், போய் வாங்கிட்டு வாரேன்."

பணம் கட்டக் கடைசி நாள் புதன், சம்பளம் வியாழன். யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிரஜின் மகேஷ்குமாரைப் பார்க்கப் போனான். ஜெயபாய் சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். அந்த ஆயிரம் போக இன்னும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வேண்டும். தாசையனிடம்தான் கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தாள். பூத்துக் கதவைத் திறக்கும்போது முடிவு பண்ணிவிட்டாள். பிரஜின் தலையில் போட்டுவிட வேண்டியதுதான். அவன்தான் தீனிப்பண்டாரம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அருமனையில் அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிச்சைக்கனி வீட்டுக்கு அடித்தாள். அவர்கள் போய்க் கூப்பிட்டு வந்தது தாசையனை அல்ல, ஷிஜாவை. அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தாராம்.

"பிள்ளே, ஒரு காரியம். உன் அண்ணனுக்குக் கொஞ்சம் செலவாயிட்டு. உனக்குத் தெரியாதா அவன் தீனி..."

"அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினானே. வெளிய சாப்பிடதை நிறுத்தியாச்சு, பத்தாயிரம் ரெடின்னு சொன்னானே."

பூத்தின் கண்ணாடியில் ஜெயபாயின் முகம் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னாச்சும்மா? எவ்வளவு குறையுது?"

"ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது." பிறகு, வேறு வழி இல்லாமல், "மீனுக்குக் குடுத்துட்டேன் மக்களே" என்றாள்.

பிச்சைக்கனி வீட்டு டிவி மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று ஜெயபாய் பயந்தாள். ஷிஜா அழவில்லை.

"என்கிட்ட ஆயிரத்தி தொள்ளாயிரத்தி அம்பது இருக்கும்மா. போதும். நீ வா."

"உன்கிட்ட ஏது?"

"தேங்கா வித்தேன். ரெண்டு வெட்டு வெட்டியாச்சு. குளச்சல்காரி எடுக்கதுக்கு முன்னாடி கடைக்காரரை வரச்சொல்லி எண்ணிக் குடுத்துட்டேன். கிழங்கும் குடுத்தேன், பலாச்சக்கையும் குடுத்தேன். நீ போன அன்னைக்கே அவகிட்ட வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

இடம் கைவிட்டுப் போகாது, மகள் படிப்பாள், அதை நினைத்து நெஞ்சு நிறைய வேண்டும். நிறையாமல், ஜெயபாயின் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

"அப்போ ரெண்டு மாசமா நீங்க எதை வச்சு சோறு தின்னீங்க?"

"மொளகும் புளியும் வச்சு சம்பந்தி அரைப்பேன். மோர் இருக்கும். ஒரு நாள் முட்டை. அப்பா ஒரு வாரம் முறுமுறுத்தாரு, பொறவு சரியாயிட்டாரு."

"மீன் இல்லாம உங்க அப்பா ஒரு நேரம் இருந்ததில்லையே!"

"இருந்தாரும்மா." "கடைக்காரரு காசை எண்ணி வைக்கும்போதுதான் எனக்கும் தெரிஞ்சுது, தேங்காயும் காசுதான்னு. பத்தாங்கிளாசுல கொடைக்கானல் டூருக்கு நூத்தம்பது ரூவா கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுல ஒரு சல்லி இல்லன்னு சொன்ன."

"இல்லாமத்தான் பிள்ளே சொன்னேன். சத்தியமா இல்ல."

"தெரியும்மா. அன்னைக்கு வெளமீன் கறி. அழுதுட்டு நான் ரெண்டு துண்டு தின்னேன்."

சொல்லிவிட்டு ஷிஜா லேசாகச் சிரித்தாள். குத்திக்காட்ட அல்ல, உண்மையிலேயே சிரிப்பு வந்துதான் சிரித்தாள். அதுதான் ஜெயபாயால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே ஒரு ஆள் தன் முறைக்காகக் கண்ணாடியைத் தட்டினான்.

"அம்மா, பில்லு ஏறும். வச்சிரு."

"ஏறட்டும்" என்றாள் ஜெயபாய். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.